வாஷ்பேசினில் ஒரு டீ வடிகட்டி

ஊரிலிருந்த மருந்துக் கடைகளை எல்லாம் ஏறி இறங்கி முடித்தபோது பட்டாசுக்கு மிஞ்சியது குதிகாலில் ஒரு கொப்புளமும், கடைக்காரர் ஒருவர் சில்லறைக்குப் பதிலாகத் தலையில் கட்டிய ஓர் இருமல் மிட்டாயும்தான்.

பட்டாசு என்பது அவளுடைய சொந்தப் பேர் இல்லை. மாடியில் துப்பறியும் அலுவலகம், கீழே ஜெராக்ஸ் கடை. அந்த ஜெராக்ஸ் கடைக்காரர் வைத்த பேர். நெருப்புக் காட்டாமலே வெடிக்கிற ரகம் என்று காரணமும் சொல்வார். அவளுடைய முதலாளிக்குக் கழுகு என்று பேர். அது தெரு வைத்தது. ஏழு தெரு தாண்டி நடக்கிற திருட்டு அவர் கண்ணில் படும். தன் காலில் இருப்பது ஜோடி மாறின செருப்பு என்பது மட்டும் சாயங்காலம் யாராவது சொன்னால்தான் தெரியும்.

"ஒரு கடையிலயும் வாங்கல சார்," என்று நாற்காலியில் சரிந்தாள் பட்டாசு. "கண்டக்டரம்மா போட்டோவைக் காட்டினா எல்லாருக்கும் தெரியுது. எனக்கு மீதி குடுக்காம இறக்கிவிட்டவங்கதானேங்கறாங்க. மாத்திரை வாங்கினாங்களான்னு கேட்டா உதட்டைப் பிதுக்கறாங்க."

"டாக்டர் சீட்டுக்கு வாங்கினது?"

"அது புருஷன்காரரே மாசாமாசம் தன் கடைக்குப் பக்கத்துல வாங்கினது. அதுக்கு மேல ஒரு மாத்திரைகூட இந்த ஊர்ல யாரும் அந்த வீட்டுக்கு விக்கல. நான் நடந்த நடைக்கு நேரா நடந்திருந்தா கடல் வந்திருக்கும்."

கழுகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைச் செய்து கொடுத்தவர்தான் இப்போது செத்துப்போயிருந்தார்.

கடைத்தெருவில் கண்ணாடிக் கடை வைத்திருந்தவர் அவர், கண்டக்டரம்மாவின் புருஷன். லென்ஸ் தேய்ப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஒரு தூசி, ஒரு விரல் ரேகை இருக்காது. மூன்று காகிதத்தில் சுற்றி மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொள்வார், கையில் தரமாட்டார். காசையும் கையில் வாங்கமாட்டார், ஒரு தட்டைக் காட்டுவார். நீங்கள் படியிறங்குவதற்குள் உள்ளே குழாய் திறக்கிற சத்தம் கேட்கும். அடுத்த ஆள் வந்து காத்திருந்து, கொட்டாவி விட்டு, போய்க்கூட விடலாம், குழாய் நிற்காது. சோப்புக் கம்பெனிக்காரன் இவருக்குச் சிலை வைக்க வேண்டும் என்று தெரு சிரித்தது. அவருடைய விரல் முட்டியெல்லாம் தோல் வெடித்துச் சிவந்து கிடந்ததைத் தெரு பார்க்காமல் இல்லை. அதைப் பற்றிச் சிரிக்க முடியாது என்பதால் பேசவில்லை, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவர் தூக்கத்திலேயே நெஞ்சு நின்று போய்ச் சேர்ந்தார். ரத்தத்தைச் சோதித்தால் அவர் சாப்பிட்டுவந்த இரண்டு மருந்தும் ஏறுக்குமாறாக ஏறிக் கிடந்தன.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. வந்தது அக்காக்காரி. இறந்தவருக்கு உடன்பிறந்த ஒரே அக்கா. பெண்கள் தையல் கடை வைத்திருப்பவள். கழுகை அமர்த்தியதும் அவள்தான். இடுப்பில் அளவு நாடா அப்படியே தொங்கியது. கழற்ற மறந்திருந்தாள், அல்லது தம்பி போன நாளிலிருந்து எதையும் கழற்றி மாட்டத் தோன்றவில்லை.

"நாளைக்குக் காலைல இன்ஸ்பெக்டர் அவளைக் கூப்பிட்டிருக்கார்," என்றாள். "எடுத்துக் குடுத்தது நான்தான்னு அவளே சொல்லிட்டா. அதுக்கு மேல வாயைத் திறக்கல. குத்தம் செய்யாதவ எதுக்குங்க வாயைப் பூட்டிக்கணும்? ஆனா மாத்திரைக் கணக்கு சரியா இருக்காம். ஒண்ணுகூடக் குறையலையாம். கூடுதலா குடுத்தது எங்கேருந்து வந்ததுன்னு யாராவது காட்டினா கேஸ் நிக்கும்ங்கறார். காட்டுங்க."

"ரத்தத்துல கூடியிருக்கு. டப்பாவுல குறையல," என்றார் கழுகு, தனக்குத்தானே.

"அட்சய பாத்திரம் வச்சிருக்காங்களோ என்னவோ," என்றாள் பட்டாசு.

அக்காக்காரி சிரிக்கவில்லை. "அவளுக்கு அவன்மேல ஆசை எங்கேருந்து இருக்கும்? பஸ்ஸுல ஊர் அழுக்கு நோட்டையெல்லாம் வாங்கற கைன்னு அவன் ஒதுங்குவான். குளிச்சு வேற துணி மாத்திட்டு வந்தாலும் அவ கையிலேருந்து எதையும் வாங்க மாட்டான். தொட விடாத புருஷனை எந்தப் பொம்பளை எத்தனை வருஷம் பொறுப்பா? தீர்த்துட்டா. அந்த வீட்டுல இனிமே நான் பச்சைத் தண்ணி தொட மாட்டேங்க. என் தம்பியைக் கொன்ன கை அது."

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே பட்டாசுக்குப் பட்டது. கட்டினவன் தொடாத கை என்றால் சும்மாவா? எந்தக் கல்யாணத்திலும் கொலைக்கு ஒரு காரணம் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பது அவளுடைய கட்சி.

"டாக்டரைப் பார்த்துட்டு அங்க போறோம்," என்று எழுந்தார் கழுகு. "நீங்களும் வாங்க."

"வாசல் வரைக்கும் வரேன். உள்ள வர மாட்டேன்."

மனநல டாக்டரின் அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் கைக்குட்டையால் சுற்றித்தான் கதவின் கைப்பிடியைத் தொட்டார். பட்டாசு அதற்கு ஒரு வசனம் யோசித்து வைத்தாள். அந்த ஆளின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிட்டாள்.

டாக்டருக்குத் தூங்கி நாளாகியிருக்க வேண்டும்.

"ஓ.சி.டி.ங்கறது பிடிவாதம் இல்லீங்க," என்றார். "கை சுத்தமா இருக்குன்னு கண்ணு சொல்லும், மனசு நம்பாது. அவ்வளவுதான் வியாதி. கேக்கச் சின்னதா இருக்கு. அதுலயே ஒரு ஆளோட ஆயுசு போயிடும்."

"ரெண்டு மருந்து எதுக்கு டாக்டர்? ஒண்ணு போதாதா?"

"முதல்ல ஒண்ணுதான் குடுத்தேன். மஞ்சள் மாத்திரை. கொஞ்சம் கொஞ்சமா முழு அளவுக்கு ஏத்தி மாசக்கணக்குல பொறுத்துப் பார்த்தேன். அசையல. சில பேருக்கு ஒரு மருந்து பத்தாது, துணைக்கு இன்னொண்ணு சேர்க்கணும். ஆரஞ்சு மாத்திரை சேர்த்தேன்."

"ரெண்டும் ஒத்துப்போகுமா?"

"ரொம்பவே ஒத்துப்போகும். ஆபத்தே அதுதான். மஞ்சள் உள்ள இருக்கறப்ப ஆரஞ்சு உடம்பை விட்டுச் சீக்கிரம் வெளியே போகாது. தங்கித் தங்கிச் சேரும்."

"கிளம்பற விருந்தாளியைக் கையைப் பிடிச்சு, இன்னும் ரெண்டு நாள் இருங்கன்னு நிறுத்தற மாதிரி," என்றாள் பட்டாசு.

"அதேதான். அதனால ரெண்டாவதைச் சின்ன அளவுல ஆரம்பிச்சு, நெஞ்சுத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்துப் பார்த்துதான் ஏத்தணும். அப்படித்தான் ஏத்தினேன். ஒவ்வொரு தடவையும் படம் பளிச்சுன்னு இருந்தது. வாய் உலரணும், உலரல. தூக்கம் அசத்தணும், அசத்தல. கை லேசா நடுங்கினாலும் நடுங்கும். கல்லு மாதிரி நின்னுச்சு. சரி, இன்னும் பத்தலைன்னு..." டாக்டர் நிறுத்தினார்.

"ரத்தத்துல எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்க்கலையா?"

"எழுதிக் குடுத்தேன். ஊசியை யார் யார் தொட்டாங்கன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டார். நான் விட்டுட்டேன். விட்டிருக்கக் கூடாது."

"குணமும் இல்ல. தொந்தரவும் இல்ல."

"சில உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைச்சு வெளியே தள்ளிடும். இவர் உடம்பும் அப்படித்தான்னு நெனச்சேன்."

"கரைஞ்சதென்னவோ நிஜம்னுதான் எனக்கும் தோணுது," என்றார் கழுகு. பிறகு, பக்கத்து வீட்டில் சர்க்கரை கேட்பவர் போல, "மஞ்சள்ல ஒண்ணு, ஆரஞ்சுல ஒண்ணு குடுக்க முடியுமா? யாரும் சாப்பிட மாட்டோம்," என்றார்.

டாக்டர் ஒரு கணம் தயங்கிவிட்டு, மாதிரிக்கு வைத்திருந்த அட்டைகளிலிருந்து வெட்டிக் கொடுத்தார். வெளியே வந்ததும் பட்டாசு, "ஆராய்ச்சிக்கு நீங்களே முழுங்கறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க சார். செருப்பையாவது ஜோடி சேர்த்துப் போட்டு அனுப்பி வைக்கறேன்," என்றாள்.

கழுகு குனிந்து பார்த்தார். இன்றைக்கும் மாறித்தான் இருந்தது.

கண்ணாடிக்காரரின் வீட்டு வாசலுக்கு வெளியே ஓர் ஆணி. அதில் கண்டக்டரின் தோல் பை தொங்கியது. சுவரில் பை உரசி உரசிக் கறுத்திருந்ததைப் பார்த்தாலே அது ஒரு நாளும் உள்ளே போனதில்லை என்று தெரியும். பக்கத்தில் ஒரு குழாய், ஒரு வாளி, சீருடையைக் கழற்றிப் போட மூடி வைத்த ஒரு பெட்டி. வேலை முடிந்து வருகிறவள் தன்னை அங்கேயே உரித்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்திருக்கிறாள். தோல் பையைத் தொட்டுப் பார்க்க நீண்ட கையைப் பட்டாசு இழுத்துக்கொண்டாள். அக்காக்காரி கேட்டுக்கு வெளியே, பாதி வெயிலிலும் பாதி நிழலிலுமாக நின்றுகொண்டாள்.

கண்டக்டரம்மா கதவைத் திறந்தாள். கூட்டத்தை முழங்கையால் பிளந்து பழகின உடம்பு. இப்போது தன் வீட்டுக் கூடத்தில் எங்கே நிற்பது என்று தெரியாமல் நின்றது. வந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். பட்டாசு கையை நீட்டினாள். கண்டக்டரம்மா அந்தக் கையைக் கவனிக்காமல், கூடத்தின் நடுவிலிருந்த ஒரு முக்காலியில் டம்ளர்களை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

நீட்டின கை அந்தரத்தில் நின்றது. திமிரைப் பார் என்று நினைத்துக்கொண்டாள் பட்டாசு. கழுகு முக்காலியைப் பார்த்தார். அதன் மேல்பலகையில் டம்ளர் வைத்து வைத்தே வட்டம் வட்டமாகத் தடம் விழுந்திருந்தது.

"மாத்திரை யாரும்மா குடுத்தது?"

"நான்தான்."

"ஆரம்பத்துலேருந்தா?"

அவள் நகர்ந்து ஜன்னல் கதவை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

"கடைசி நாள்?"

"நான்தான் குடுத்தேன். இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கார், போறேன்."

"எழுதிக் குடுத்ததுக்கு மேல குடுத்தீங்களா?"

அவள் ஜன்னல் வழியாகத் தெரிந்த கேட்டை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள். மடியில் கனத்தை வைத்துக்கொண்டு பயப்படுகிறவள் இப்படித்தான் பார்ப்பாள் என்று பட்டாசு தீர்ப்பே எழுதிவிட்டாள்.

"வீட்டைக் கொஞ்சம் பார்த்துக்கறோம்," என்றார் கழுகு.

சமையலறையில் ஒன்றும் இல்லை. பாத்திரங்கள், அடுப்பு, டீத்தூள் டப்பா, காபிக் கறை ஏறின ஒரு துணி, டீத்தூள் படிந்து கறுத்த ஒரு வடிகட்டி. படுக்கையறையில் ஒருவர் மட்டும் படுக்கிற மாதிரி இரண்டு கட்டில்கள். ஆனால் இரண்டையும் சமீபத்தில் யாரோ சேர்த்துப் போட்டிருந்தார்கள். பழைய இடத்தில் கட்டில் கால்களின் நான்கு பள்ளங்கள் தரைவிரிப்பில் இன்னும் நிமிராமல் கிடந்தன. கழுகு அந்தப் பள்ளங்களுக்குப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

வாஷ்பேசின் இருந்த சின்ன அறைதான் அந்த வீட்டின் கர்ப்பக்கிருகம். அடுக்கடுக்காகச் சோப்பு. வரிசையாக வெள்ளைத் துண்டுகள். குழாய்க்கு மேலே ஒரு கொக்கி. கொக்கியில் பளபளவென்று ஒரு டீ வடிகட்டி.

"அடுக்களையில ஒண்ணு, இங்க ஒண்ணு," என்றாள் பட்டாசு. "கை கழுவற இடத்துலயே டீயும் போட்டுக்குவாங்க போல சார். பால் எந்தக் குழாய்ல வரும்?"

கழுகு வடிகட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வலையில் டீக்கறை இல்லை. ஓரமெல்லாம் ஆரஞ்சு நிறம் ஏறியிருந்தது. நடுவில் லேசாக மஞ்சள்.

சட்டைப் பையிலிருந்த ஆரஞ்சு மாத்திரையை வடிகட்டியில் போட்டுப் பட்டாசிடம் கொடுத்தார். "கழுவு."

"எவ்வளவு நேரம்?"

"கண்ணாடிக்காரர் கழுவற மாதிரி."

பட்டாசு குழாயைத் திறந்தாள். முதலில் கலர் போயிற்று. வெள்ளைப் பீங்கானில் ஆரஞ்சுக் கோடாக ஓடி ஓட்டைக்குள் இறங்கியது. அப்புறம் மாத்திரை வெளுத்தது, ஓரம் கரைந்தது, பொருக்குப் பொருக்காகக் கழன்றது. அவள் கை வலித்து மாற்றிக்கொண்டபோது வலையில் இருந்தது, குழந்தை சப்பித் துப்பின மிட்டாய் அளவுக்கு ஒரு துணுக்கு.

"மாத்திரையைக் கழுவித் தின்னாரா," என்றாள் பட்டாசு மெதுவாக.

"கம்பெனிக்காரன் தொட்டது, கடைக்காரன் தொட்டது. கழுவாம வாயில வைக்கிற ஆளா அவர்? டாக்டர் முழுசா எழுதினார். உள்ள போனது கால்வாசி. பலன் தெரியலைன்னு டாக்டர் ஏத்தினார். ஏத்தினதையும் இவர் கழுவினார். ரெண்டாவது மருந்து வந்தது, அதையும் கழுவினார். சீட்டுல மலை, வயித்துல மணல்."

"அப்ப ரத்தத்துல எப்படி சார் அவ்வளவு?"

"யாரும் கூடுதலா குடுக்கல. அதான் டப்பாவுல குறையல. சீட்டுல இருந்த மலை ஒரு நாள் அப்படியே உள்ள போச்சு. அவர் கழுவறதை நிறுத்திட்டார்."

"அவரா? எதுக்கு நிறுத்தினார்?"

கழுகு குழாயை மூடினார். பட்டாசு வடிகட்டியைத் துடைத்துக் கொக்கியில் மாட்டப் போனாள். மாட்டுவதற்குக் கைப்பிடியில் ஒரு நூல் வளையம். சும்மா முடிச்சுப் போட்ட நூல் இல்லை. நூலின்மேல் நூலைச் சுற்றி நெருக்கி நெருக்கிப் பின்னியிருந்தது. அவளுக்குக் கை நின்றுவிட்டது.

"சார். இது காஜாத் தையல். சட்டைப் பொத்தானுக்கு ஓட்டை போட்டு ஓரம் கட்டுவாங்களே, அது." தன் சட்டையின் முதல் பொத்தானைக் கழற்றி அந்த ஓட்டையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். இரண்டும் ஒரே கை. அந்தச் சட்டை எந்தக் கடையில் தைத்தது என்று அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. சின்ன ஜன்னல் வழியே கேட்டில் நிற்கிறவளின் இடுப்பில் அளவு நாடா தொங்குவது தெரிந்தது.

வடிகட்டியோடு கழுகு வெளியே வருவதைக் கண்டதும் அக்காக்காரியின் முகம் போன போக்கைப் பார்த்துப் பட்டாசு இரண்டடி பின்தங்கினாள். எத்தனையோ பேரை வலையில் மாட்டிவைத்துச் சிரித்தவள்தான். இது சிரிக்கிற வலையாக இல்லை.

"இதை வாங்கினது நீங்கதானே?"

"ஆமா," என்றாள். "அவன்தான் வந்து அழுதான். குழாயில கழுவறப்ப மாத்திரை நழுவி ஓட்டையில போயிடுது அக்கா, மாசக் கடைசியில பத்த மாட்டேங்குதுன்னான். பொண்டாட்டிகிட்டயும் டாக்டர்கிட்டயும் சொல்லிடாதே, சிரிப்பாங்கன்னான். ஊரே சிரிச்சுதுங்க. நானும் சேர்ந்து சிரிக்கவா? வாங்கிக் குடுத்தேன். மாட்டி வச்சுக்க வளையம் போட்டுக் குடுத்தேன். அழுக்குதானே போகும், மாத்திரை எங்க போகப் போகுதுன்னு நெனச்சேன்."

கழுகு சொன்னார். சுருக்கமாக, ஒன்றையும் பூசி மெழுகாமல் சொன்னார். அவள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அப்ப, கழுவினதால அவன் சாகல."

"இல்ல. கழுவாததால."

"நான் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"அளவைக் குறைச்சிருப்பார்."

அவள் அளவு நாடாவை விரலில் சுற்றினாள், பிரித்தாள். பிறகு, அந்த ஒன்றை மட்டும் நம்ப முடியாதவளாக, "கழுவாமலா முழுங்கினான்? என் தம்பியா? நான் ஊட்டினாலே கையைக் கழுவினியான்னு மூணு தரம் கேப்பானே. யார் சொல்லிக் கேட்டான்?" என்றாள்.

"அது உள்ள இருக்கறவங்களுக்குத்தான் தெரியும்."

அக்காக்காரி கேட்டைத் திறந்தாள். தம்பி போனபின் முதல் தடவையாகப் படியேறினாள். ஆனால் கூடத்துக்குள் வரவில்லை. கதவு மறைவிலேயே நின்றுவிட்டாள்.

கழுகின் கையில் வடிகட்டியைக் கண்டதும் கண்டக்டரம்மா எழுந்தே விட்டாள்.

"அதை எதுக்கு எடுத்தீங்க? இருந்த இடத்துல மாட்டிடுங்க."

"இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். இன்ஸ்பெக்டர் ரத்தச் சீட்டைப் படிச்சுக் காட்டினப்பவே தெரிஞ்சுபோச்சு. நீங்க அண்ணிகிட்ட சொல்லிடாதீங்க."

பட்டாசு தன்னையறியாமல் கதவுப் பக்கம் பார்த்தாள். கழுகு பார்க்கவில்லை.

"உங்களைக் கொலைகாரின்னு எழுதிக் குடுத்ததே அவங்கதாம்மா."

"இருக்கட்டும். அது அண்ணி வாங்கிக் குடுத்ததுன்னு கடைசி வாரத்துல அவரே எனக்குச் சொன்னார். சொல்லிட்டு, அக்காவை யாரும் ஒண்ணும் கேக்கக் கூடாதுன்னார். அப்பா அம்மா இல்லாம வளர்த்தவங்க. தம்பியும் போயி, அதுல தன் கையும் இருக்குன்னு தெரிஞ்சா அவங்க தாங்குவாங்களா? என்மேல கோவம் இருந்தா அதைப் பிடிச்சுக்கிட்டாவது எழுந்து நடமாடுவாங்கன்னு பார்த்தேன். எனக்கென்ன, நான் நின்னுக்கிட்டே பிழைச்சவ. எங்க நிறுத்தினாலும் நிப்பேன்."

"அவர் கழுவறதை எப்ப நிறுத்தினார்?"

கண்டக்டரம்மா தன் இரண்டு உள்ளங்கைகளையும் மடியில் மலர்த்தி வைத்துக்கொண்டாள். நோட்டுகளின் கறை விரல் நுனியில் எந்தச் சோப்புக்கும் போகாமல் சாம்பலாக ஊறியிருந்தது.

"அன்னிக்கு பஸ்ஸுல ஒரு பொண்ணு மீதிக் காசைக் கையில வாங்க மாட்டேன்னா. பக்கத்து சீட்மேல வை, நான் எடுத்துக்கறேன்னா. என்னமோ அன்னிக்குத் தாங்கல. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு, மாத்திரையைப் பிரிச்சு எப்பவும்போல முக்காலியில வைக்கப் போனேன். அழுகை வந்துடுச்சு. வேலையிலயும் வை, வீட்டுலயும் வை, இந்தக் கைக்கு என்னதான் வந்ததுன்னேன். அவரைத் திட்டலைங்க. கையைப் பார்த்துத்தான் கேட்டேன்."

வெளியே ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அவள் அது போகும்வரை காத்திருந்தாள்.

"ரொம்ப நேரம் நின்னார். வேர்த்து ஊத்துது அவருக்கு. அப்புறம் கையை நீட்டினார். குடுன்னார். என் உள்ளங்கையிலேருந்து எடுத்து அப்படியே வாயில போட்டு முழுங்கிட்டு, என்னையே பார்த்துக்கிட்டு நின்னார். குழாய்ப் பக்கம் போகல. மறுநாளும் நீட்டினார். அதுக்கு மறுநாளும். கட்டிலைக்கூட இழுத்துச் சேர்த்துப் போட்டார். வாய் உலருதுன்னார், தூக்கம் தூக்கமா வருதுன்னார், கை லேசா நடுங்குது பாருன்னு காட்டினார். மருந்து பிடிச்சா இப்படி இருக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லியிருந்தாரில்ல? பிடிச்சிடுச்சுன்னு ரெண்டு பேரும் சிரிச்சோம். நடுங்கற கையை நான் பிடிச்சுக்கிட்டேன், அவர் விடல. அந்த ஒரு வாரம்தான் நான் அவருக்குப் பொண்டாட்டியா இருந்தேன். அப்படியே தூங்கினார். காலைல கையைப் பிடிச்சபடியேதான் இருந்தார்."

பட்டாசு, கழற்றின பொத்தானைப் போட்டுக்கொண்டாள். எந்தக் கல்யாணத்திலும் கொலைக்கு ஒரு காரணம் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அந்த மடிப்புக்கும் அடியில் என்ன இருக்கும் என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

"இன்ஸ்பெக்டருக்கு நான் சொல்லியாகணும்," என்றார் கழுகு. "டாக்டருக்கும். அவர் அறைக்கு வெளியே பெஞ்சு நிறைய ஆள் இருக்காங்க. அதுல இன்னும் எத்தனை பேர் வீட்டுல வடிகட்டி தொங்குதோ தெரியாது. யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல."

"அவங்களுக்குச் சொல்லுங்க. அண்ணிக்கு மட்டும் வேண்டாம்."

"அண்ணி கேட்டுட்டுத்தான் இருக்கேன்," என்றது கதவு.

அக்காக்காரி கூடத்துக்குள் வந்தாள். அழுதிருந்தாள். ஆனால் துடைக்கவில்லை. இருவரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். தெரு எதிர்பார்த்திருக்கக்கூடிய கட்டிப்பிடிப்போ மார்பில் அடித்துக்கொள்வதோ அங்கே நடக்கவில்லை. கண்டக்டரம்மா, வீட்டுக்கு யார் வந்தாலும் செய்கிறதைச் செய்தாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தாள். முக்காலியின் வட்டத் தடத்தின்மேல் சரியாக வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்றாள்.

அக்காக்காரி டம்ளரைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

பச்சைத் தண்ணீர் தொடமாட்டேன் என்று அலுவலகத்தில் சொன்ன வாய் அது.

"அங்க வைக்காதே," என்றாள் அக்காக்காரி. வலது கையை நீட்டினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்த விரல்கள். "கையில குடு."

கண்டக்டரம்மா தன் கையை ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். பிறகு குனிந்து டம்ளரை எடுத்தாள்.